பிகானேர் கோட்டை, அரண்மனைகள், கோயில்கள்: இரண்டு நாளில் ஒழுங்காகப் பார்க்க முழு வழிகாட்டி

ராஜஸ்தான் போகிறவர்கள் பெரும்பாலும் ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, வழியில் ஒரு ராத்திரி தங்க ஊர் வேண்டுமே என்றுதான் பிகானேரைச் சேர்க்கிறார்கள். மதியம் வந்து, கோட்டையை ஒரு மணி நேரத்தில் சுற்றி, எலிக் கோயிலைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்பிவிடுவார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்த ஊர் தன்னிடம் உள்ளதை வெளியில் காட்டுவதில்லை. ஜோத்பூரில் கோட்டை மலைமேல் நின்று பத்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே கூப்பிடும். பிகானேரில் கோட்டை சமதரையில், போக்குவரத்து இரைச்சல் நடுவே, ஒரு நீண்ட செம்மண் நிறச் சுவராகத்தான் தெரியும். உள்ளே போனால்தான் அது என்ன என்று புரியும், அதுவும் அவசரமில்லாமல் போனால்தான். கோயில்களும், ஹவேலிகள் என்னும் பழைய வணிகர் மாளிகைகளும் அப்படியே.

அதனால் இந்த வழிகாட்டியின் கணக்கு முழு இரண்டு நாள். மூன்றாவது நாள் கிடைத்தால் அதற்கும் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஊரின் கதை, சுருக்கமாக

இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஜோத்பூரை உருவாக்கிய ராவ் ஜோதாவின் மகன் ராவ் பிகா, தனக்கென்று ஓர் அரசு வேண்டும் என்று வடக்கே இந்த வறண்ட காட்டுப்பகுதிக்கு வந்து 1488-ல் இந்த ஊரை நிறுவினார். ஜாங்கல தேசம் என்று அழைக்கப்பட்ட பகுதி இது. நீர் இல்லை, மலை இல்லை, ஆனால் டில்லியையும் முல்தானையும் குஜராத்தையும் இணைத்த ஒட்டக வணிகப் பாதைகள் இந்தப் பக்கமாகத்தான் போயின. அந்தப் பாதையில் வந்த பணம்தான் இந்த ஊரின் கோயில்களும் ஹவேலிகளும்.

அடுத்து நினைவில் வைக்க வேண்டியவர்கள் மூன்று பேர். அக்பரின் படைத்தளபதியாக இருந்த ராஜா ராய் சிங், ஜூனாகட் கோட்டையைக் கட்டியவர். ஔரங்கசீப் காலத்தில் தக்காணத்தில் பல ஆண்டு போரிட்ட அனூப் சிங், கோட்டைக்குள் இருக்கும் தங்க வேலைப்பாடுகளுக்கும் நூலகத்துக்கும் காரணமானவர். 1887-ல் ஏழு வயதுகூட நிரம்பாமல் பட்டத்துக்கு வந்து 1943 வரை ஆண்ட கங்கா சிங், நீங்கள் பார்க்கப்போகும் நவீன பிகானேரை உருவாக்கியவர். இந்த மூன்று பெயர்களும் திரும்பத் திரும்ப வரும்.

எப்போது போவது, எப்படிப் போவது

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. மே, ஜூனில் 45 டிகிரியைத் தாண்டும், அப்போது போகவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவும் அதிகாலையும் நம் ஊர்க்காரர்களுக்குக் கடும் குளிர். ஸ்வெட்டர் மட்டும் போதாது, காதை மூட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒட்டகத் திருவிழா நடக்கும், அந்த நாட்களில் தங்கும் இடத்தை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடி ரயிலே இருக்கிறது. மதுரையிலிருந்து பிகானேருக்கு அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை ஓடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து கொங்கண் வழியாக ஹிசார் போகும் வாராந்திர ஏசி ரயிலும் பிகானேரில் நிற்கும். இரண்டுமே நீண்ட பயணம், நேரத்தையும் கிழமையையும் டிக்கெட் எடுக்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் ரயிலில் உட்கார முடியாதவர்கள் டில்லி அல்லது ஜெய்ப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயில் ஏறலாம். சாலை வழியில் ஜெய்ப்பூரிலிருந்தும் ஜெய்சல்மேரிலிருந்தும் ஏறக்குறைய 330 கிலோமீட்டர், ஜோத்பூரிலிருந்து சுமார் 250.

தங்குவதற்கு என் பரிந்துரை பழைய நகருக்கு நடக்கும் தூரத்தில் ஓர் இடம். இதற்கு ஒரு காரணம் உண்டு. பிகானேரின் நடுவில் ரயில் தண்டவாளம் ஓடுகிறது. கோட் கேட் பக்கத்தில் உள்ள ரயில்வே கேட்டை மூடினால் கடைத்தெரு முழுக்க அப்படியே நின்றுவிடும், உள்ளூர்க்காரர்கள் பல வருடங்களாகப் புலம்பும் விஷயம் இது. ஊருக்கு வெளியே தங்கிவிட்டு தினமும் ஆட்டோவில் வந்துபோனால் பாதி நேரம் அந்தக் கேட்டில் கழியும். பழைய நகரத்தில் காலை நேரத்தில் நடந்து போவதுதான் சரி. கோட்டைக்கும் அரண்மனைக்கும் ஆட்டோ போதும். எலிக் கோயில் இருக்கும் தேஷ்நோக் போன்ற வெளியூருக்கு மட்டும் அரை நாள் டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். எங்கெங்கே போக வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஏறுவதற்கு முன்பே சொல்லித் தொகையைப் பேசிவிடுவது நல்லது.

முதல் நாள், காலை 7 மணி: ஊர் தொடங்கிய இடத்திலிருந்து

எல்லோரும் நேராகக் கோட்டைக்குப் போவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கோட்டை 10 மணிக்குத்தான் திறக்கும், கோயில்களுக்கோ மதியம் நடை சாத்தும் வழக்கம் உண்டு. அதனால் காலை நேரம் கோயில்களுக்கு.

பழைய நகரின் தெற்குப் பகுதியில் மேடான இடத்தில் பாண்டாசர் ஜைனக் கோயில் இருக்கிறது. ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதருக்கான கோயில், பாண்டா ஷா என்ற ஓஸ்வால் வணிகர் தொடங்கி, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. மூன்று அடுக்கு, செம்மணற்கல்லும் சலவைக்கல்லும். இங்கே எல்லோரும் சொல்லும் கதை நெய்க் கதை. நெய்யில் விழுந்த ஈயை எடுத்து, அதில் ஒட்டியிருந்த நெய்யை வீணாக்க மனமில்லாமல் தன் செருப்பில் தடவிக்கொண்டாராம் பாண்டா ஷா. இவ்வளவு கருமியா கோயில் கட்டப்போகிறார் என்று நினைத்த மேஸ்திரி, அஸ்திவாரத்துக்கு நெய் வேண்டும் என்று கேட்டுவிட்டார். வணிகர் சற்றும் யோசிக்காமல் 40,000 கிலோ நெய்யைக் கொண்டுவந்து குவித்தாராம். கோடையில் இன்றும் தரையில் நெய் கசிகிறது என்பார்கள். கதையை ரசித்துக் கேளுங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது: மண்டபத்தின் கூரையிலும் தூண்களிலும் ஓர் அங்குலம் விடாமல் ஓவியம், பூவேலை, தங்க ரேக்கு, கண்ணாடி. வெளியே இருக்கும் கல் வேலையைப் பார்த்து உள்ளே இப்படி இருக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. அப்புறம் படியேறி மேல்தளத்துக்குப் போங்கள். பழைய நகரம் முழுக்கத் தெரியும், ஊரின் அமைப்பு மனதில் பதிய இதைவிட நல்ல இடம் இல்லை.

ஜைனக் கோயில் என்பதால் தோல் பெல்ட், தோல் பர்ஸ் எல்லாம் அறையிலேயே வைத்துவிட்டுத் துணிப்பையோடு வாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

வெளியே வந்தால் பக்கத்திலேயே லக்ஷ்மிநாத் கோயில். ராவ் லூண்கரண் காலத்தில் வளர்ந்த பெருமாள் கோயில். பிகானேரின் உண்மையான அரசர் இந்த லக்ஷ்மிநாதர்தான், சிம்மாசனத்தில் இருந்தவர்கள் அவருடைய திவான்கள் மட்டுமே என்று ஊரில் சொல்வார்கள். காலை ஆரத்தி நேரத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் கூட்டமாக வரும், சுற்றுலாப் பயணிகள் குறைவு. பத்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அதே வட்டாரத்தில் பிகாஜி கி டேக்ரி என்ற ஒரு சிறிய மேடு இருக்கிறது. ராவ் பிகா கட்டிய முதல் கோட்டை இருந்த இடம். பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, படமெடுக்கவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் போகச் சொல்கிறேன். பாபரின் மகன் காம்ரான் ஜூனாகட் கோட்டையை ஒரே ஒரு நாள் பிடித்து வைத்திருந்தான் என்று பல வழிகாட்டிகளும் இணையப் பக்கங்களும் சொல்கின்றன. காம்ரான் வந்தது 1534-ல். ஜூனாகட் கட்டத் தொடங்கியதே 1589-ல். அவன் தாக்கியது இந்த மேட்டில் இருந்த பழைய கோட்டையைத்தான். சமதரையில் அகழி வெட்டி ஒரு பெரிய புதுக் கோட்டை ஏன் தேவைப்பட்டது என்பதை இந்தச் சின்ன மேட்டில் நின்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

திரும்பி வரும் வழியில் காலைச் சாப்பாடு: சூடான கச்சோரி, அல்லது பூரி சப்ஜி. மிளகாய் வடாவும் கிடைக்கும், காரம் தாங்குகிறவர்கள் முயற்சி செய்யலாம்.

முதல் நாள், காலை 10 மணி: ஜூனாகட் கோட்டை

இதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு போதாது, ஒன்று வீண்.

ராய் சிங் 1589-ல் தொடங்கி 1594-ல் முடித்தார். வேலையை மேற்பார்வை பார்த்தவர் அவருடைய அமைச்சர் கரம் சந்த். முதலில் சிந்தாமணி என்றுதான் பெயர், அரச குடும்பம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புது அரண்மனைக்குப் போன பிறகே ஜூனாகட் ஆனது. சுற்றுச்சுவர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், உயரம் சுமார் 40 அடி, 37 கொத்தளங்கள், சுற்றி அகழி. இந்த எண்களை வெளியிலேயே ஒரு முறை பார்த்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் கவனம் முழுக்க வேறு பக்கம் போய்விடும்.

வாயில்களை அவசரமாகக் கடக்காதீர்கள். போல் என்றால் இங்கே வாயில்: கரண் போல், தௌலத் போல், அப்புறம் சூரஜ் போல். தௌலத் போல் பக்கச் சுவரில் சிவப்பு நிறத்தில் கைத்தடங்கள் இருக்கும், மொத்தம் 41. உடன்கட்டை ஏறிய அரசகுலப் பெண்கள் கடைசியாக வெளியே போகும்போது பதித்தவை. பல குழுக்கள் படம் எடுத்துக்கொண்டு அரை நிமிடத்தில் நகர்ந்துவிடும். அவற்றில் சில எவ்வளவு சிறிய கைகள் என்பதைப் பாருங்கள். இந்தக் கோட்டையின் அழகை எழுதும் எவரும் இந்தச் சுவரைத் தாண்டிப்போகக் கூடாது என்று நினைக்கிறேன். சூரஜ் போல் மஞ்சள் மணற்கல்லால் ஆனது, இரு பக்கமும் பாகனோடு கூடிய யானைச் சிற்பங்கள். அருகில் கோட்டை கட்டியதைச் சொல்லும் ராய் சிங்கின் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது.

டிக்கெட் எடுக்கும்போதே ஆடியோ கருவி கேளுங்கள். குழுவோடு போகும் வழிகாட்டி நல்லவராகவே இருந்தாலும், பின்னால் வரும் குழுவுக்கு இடம் விட வேண்டும் என்பதால் ஒவ்வோர் அறையிலும் அவசரப்படுத்துவார். கருவி இருந்தால் உங்கள் வேகத்தில் நிற்கலாம். கைபேசி, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

உள்ளே எதில் நிற்பது? ஒவ்வோர் அரசரும் முந்தியவர் கட்டியதை இடிக்காமல், பக்கத்தில் தனக்கு ஒரு மஹால் சேர்த்துக்கொண்டே போனதால் இது ஒரே அரண்மனை அல்ல, பல தலைமுறைகள் ஒட்டிக்கொண்ட ஒரு தொகுப்பு. எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு பார்க்க முடியாது. என் தேர்வு இவை.

கரண் மஹால்: பொது தர்பார் மண்டபம், அனூப் சிங் காலத்தது, தந்தை கரண் சிங்கின் பெயரில். கரண் சிங்கைப் பற்றி ஒரு மரபுக் கதை இருக்கிறது. ஔரங்கசீப் ராஜபுத்திர அரசர்களை அட்டோக்கில் சிந்து நதியைக் கடக்கவைத்துச் சூழ்ச்சி செய்ய நினைத்தபோது, கரண் சிங் முன்னின்று படகுகளை உடைத்து அதைத் தடுத்தார் என்றும், மற்ற அரசர்கள் அவரை ஜாங்கல நாட்டின் பாதுஷா என்று வாழ்த்தினார்கள் என்றும் சொல்வார்கள். ஜெய் ஜங்கல்தர் பாதுஷா என்ற அந்த வாழ்த்து பிகானேர் அரச முத்திரையிலேயே இடம்பெற்றுவிட்டது.

அனூப் மஹால்: ஒரே ஓர் அறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்த அறை. 1690-ஐ ஒட்டி உருவான அந்தரங்க தர்பார், பிகானேர் அரசர்களுக்கு முடிசூட்டிய இடம். சுவர் முழுக்கச் சிவப்பு அரக்கும் தங்கமும். இதைச் செய்தவர்கள் உஸ்தா கலைஞர்கள், முகலாயர் காலத்தில் இந்த அரசவைக்கு வந்து தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். பூவையும் கொடியையும் முதலில் மாவுக் கலவையால் புடைப்பாக எழுப்பி, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். தஞ்சாவூர் ஓவியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் புடைப்பு உடனே பிடிபடும், ஆனால் இங்கே அது ஒரு படத்துக்குள் அடங்காமல் அறை முழுவதும் பரவியிருக்கிறது. நேராக நின்று பார்த்தால் வெறும் தங்கப் பளபளப்பு. சுவரின் ஓரத்துக்குப் போய்ச் சாய்வாகப் பாருங்கள், ஒவ்வோர் இதழும் தனித்தனியாக எழும். இதே குடும்பங்கள் ஒட்டகத் தோல் மீதும் இந்த வேலையைச் செய்தன. அந்தக் கலைக்காக ஹிசாமுத்தீன் உஸ்தாவுக்கு 1986-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாதல் மஹால்: சுவரெல்லாம் நீல மேகச் சுருள்கள், நடுவே மின்னல், கீழே மழை. ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் சுமார் பத்து அங்குலம் மட்டுமே மழை பெய்யும் ஊரில், பல ஆண்டு அதுவும் பொய்த்துப்போகும் ஊரில், ஓர் அறை முழுக்க மழையை வரைந்து வைத்திருக்கிறார்கள். கோட்டையின் மிகச் செல்வமான அறை அனூப் மஹால் என்றால், எனக்கு மிகப் பிடித்த அறை இது.

கஜ் மந்திர்: 18-ஆம் நூற்றாண்டில் கஜ் சிங் தங்கிய பகுதி, தந்தமும் சந்தனமும் வண்ணக் கண்ணாடியும். பூல் மஹால், சந்திர மஹால் எல்லாம் அழகுதான், ஆனால் இதற்குள் கண் சோர்ந்திருக்கும். வேகமாகக் கடந்து கடைசியில் கங்கா மஹாலுக்கு வந்துவிடுங்கள். கங்கா சிங்கின் பெரிய தர்பார் மண்டபம், செதுக்கிய கல் சுவர்கள், நடுவில் யாரும் எதிர்பாராத ஒன்று: முதல் உலகப் போர்க் காலத்து டி ஹாவிலண்ட் விமானம். அந்தப் போரில் பிகானேரின் ஒட்டகப் படை, கங்கா ரிசாலா, சூயஸ் கால்வாய்ப் பகுதியில் போரிட்டது. கங்கா சிங் 1919-ல் வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஒரு பாலைவன சமஸ்தானத்தின் கோட்டைக்குள் விமானம் ஏன் நிற்கிறது என்பதற்கு இதுதான் பின்னணி.

தமிழ் வாசகர்கள் விசாரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று: கோட்டை வளாகத்தில் முப்பத்து முக்கோடி தேவர்களின் பெயரில் ஒரு கோயில் உண்டு. அனூப் சிங் தக்காணப் போர்களின்போது அழிவிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் சிலைகள் அங்கே இருக்கின்றன. எப்போதும் திறந்திருக்காது, நுழைவாயிலில் கேட்டுப் பாருங்கள். அனூப் சிங் 1698-ல் இறந்ததும் தெற்கேதான், இன்றைய ஆந்திரத்தின் அதோனியில்.

வெளியே வரும்போது பிராசீனா அருங்காட்சியகம் வளாகத்திலேயே இருக்கும். அரச குடும்ப உடைகள், துணி வேலைப்பாடு. ஜவுளியில் ஆர்வம் இருந்தால் அரை மணி நேரம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

முதல் நாள், மாலை: ராம்புரியா ஹவேலிகள்

மதியம் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். சாப்பாட்டில் கேர் சாங்கரி கேட்டு வாங்குங்கள். சாங்கரி என்பது கேஜ்ரி மரத்தின் காய், நம் சிவன் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரம்தான் அது. மழையே பெய்யாத ஆண்டிலும் காய்க்கும் மரம் என்பதால் பாலைவனத்துக்காரர்கள் இதைக் காய்கறியாக உலர்த்தி வைத்துக்கொண்டார்கள். கூட கம்பு ரொட்டி, கொஞ்சம் நெய்.

நான்கு மணிக்கு மேல் ராம்புரியா ஹவேலிகள் உள்ள சந்துகளுக்கு நடந்து போங்கள். கல்கத்தா வரை வியாபாரம் செய்த ஜைன வணிகர்கள் கட்டிய மாளிகைகள், துல்மேரா என்ற இடத்திலிருந்து வந்த சிவப்பு மணற்கல். அந்தக் கல்லுக்கு மாலை வெயில்தான் பொருத்தம், காலையில் நிழலில் மங்கிக் கிடக்கும். சந்து குறுகல் என்பதால் எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று நிமிர்ந்து பாருங்கள்: மேல்மாடியில் பலகணிகள், கல்லில் செதுக்கிய சல்லடை ஜன்னல்கள், அதோடு கலந்த ஐரோப்பிய அலங்காரங்கள். பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, உரிமையாளர்கள் வேறு நகரங்களில். உள்ளே ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்றால் 1927-ல் கட்டிய பன்வர் நிவாஸ் இப்போது விடுதியாக இருக்கிறது, தேநீருக்குப் போகலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகும் உடனே அறைக்குத் திரும்பாதீர்கள். பழைய நகரின் சந்திப்புகளில் வீட்டு வாசலில் பெரிய மரப் பலகை மேடைகள் போட்டிருப்பார்கள், பாட்டா என்று பெயர். இரவில் தெருக்காரர்கள் அதில் உட்கார்ந்து அரசியல், சீட்டாட்டம், ஜோதிடம் என்று நள்ளிரவு வரை பேசுவார்கள். யாராவது கூப்பிட்டால் உட்காருங்கள். அரைகுறை இந்தி போதும்.

இரண்டாம் நாள், அதிகாலை: தேஷ்நோக், கர்ணி மாதா கோயில்

தெற்கே 30 கிலோமீட்டர். ஆறரைக்குக் கிளம்பிவிட்டால் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிடலாம். நவராத்திரியில், ஆண்டுக்கு இரண்டு முறை, பெரிய திருவிழா, அப்போது கூட்டம் தாங்காது.

இதை வேடிக்கைக்குரிய எலிக் கோயில் என்று மட்டும் பார்த்துவிட்டு வருவது பெரிய நஷ்டம். கர்ணி மாதா 1387-ல் பிறந்ததாகச் சொல்லப்படும், சாரண் என்ற பாணர் குலத்துப் பெண். ராவ் பிகாவுக்கு ஆசி கொடுத்து இந்த அரசு நிலைபெற உதவியவர், பிகானேர் அரச குலத்தின் தெய்வம். வளர்ப்பு மகன் லக்ஷ்மண், கோலாயத் என்ற ஊரின் குளத்தில் மூழ்கி இறந்தபோது யமனிடம் போய் வாதாடி, இனி என் குலத்தார் உன்னிடம் வரமாட்டார்கள், எலிகளாகப் பிறந்து என்னிடமே இருப்பார்கள் என்று வாங்கி வந்தார் என்பது நம்பிக்கை. அதனால் இங்கே ஓடுபவை எலிகள் அல்ல, கப்பாக்கள். பூசாரிகளுக்கு அவை முன்னோர்கள், வரப்போகும் பிள்ளைகள். மொத்தம் 20,000-க்கு மேல் என்பார்கள். அந்த நம்பிக்கையை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அருவருப்பு பாதி குறைந்துவிடும்.

நடைமுறை விஷயம்: செருப்பு வெளியே. பழைய சாக்ஸ் போட்டுக்கொண்டு போய், வந்ததும் கழற்றி எறிந்துவிடலாம். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். தவறி மிதித்து ஒன்று இறந்துவிட்டால் வெள்ளியிலோ தங்கத்திலோ ஓர் எலி செய்து கொடுக்க வேண்டும் என்பது மரபு. காலில் ஏறினால் அசையாமல் நில்லுங்கள், அது பாக்கியம் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். வெள்ளை எலி தென்பட்டால் இன்னும் பெரிய பாக்கியம். எலிகள் தொட்ட பிரசாதத்தைப் பக்தர்கள் சாப்பிடுவார்கள். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் கை கூப்பி மறுத்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முகம் சுளிப்பது, கத்துவது, காணொளிக்காகத் துள்ளுவது வேண்டாம். சின்னக் குழந்தைகள், காலில் புண் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வெளி முற்றத்தோடு நின்றுவிடுவது நல்லது.

கிளம்புமுன் முகப்பைப் பாருங்கள், கங்கா சிங் கட்டிக்கொடுத்த சலவைக்கல் வாசலும் வெள்ளிக் கதவுகளும். கல்லில் செதுக்கிய கொடிகளுக்கு நடுவே சின்னச் சின்ன எலிகளும் இருக்கின்றன.

இரண்டாம் நாள், முற்பகலும் மாலையும்: லால்கட், தேவி குண்ட் சாகர்

லால்கட் அரண்மனை கங்கா சிங் தன் தந்தை லால் சிங்கின் நினைவாகக் கட்டியது. 1902-ல் தொடங்கி 1926 வரை வேலை நடந்தது. வடிவமைத்தவர் சாமுவேல் ஸ்விண்டன் ஜேக்கப், ஜெய்ப்பூரின் ஆல்பர்ட் ஹாலுக்கும் அவர்தான். இதில் பெரும்பகுதி இப்போது ஹோட்டல்கள். ஜூனாகட்டைப் பார்த்த கண்ணுக்கு இது சற்று ஒழுங்காகவும் குளிர்ச்சியாகவும்தான் தோன்றும். ஆனால் கல் சல்லடைகளின் நேர்த்திக்காகவும் சாதுல் அருங்காட்சியகத்துக்காகவும் போகலாம். பழைய புகைப்படங்கள் அங்கே நிறைய உண்டு. கர்ணி சிங்கின் பொருட்களும் இருக்கும்: கடைசி மகாராஜா, நாடாளுமன்ற உறுப்பினர், ஐந்து ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுட்டவர். அனூப் சிங் தொடங்கிய சேகரிப்பின் வழிவந்த அனூப் சமஸ்கிருத நூலகமும் இந்த வளாகத்தில்தான், ஆனால் அது ஆய்வாளர்களுக்கானது, முன் அனுமதி வேண்டும். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று காலையிலேயே விடுதியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோட்டைக்கு அருகில் உள்ள அரசு கங்கா அருங்காட்சியகத்தையும் பலர் தவறவிடுகிறார்கள். பல்லு என்ற ஊரில் கிடைத்த இரண்டு ஜைன சரஸ்வதி சலவைக்கல் சிலைகளில் ஒன்று டில்லி தேசிய அருங்காட்சியகத்தில், மற்றது இங்கே. அவற்றை வெளிக்கொணர்ந்தவர் எல்.பி. டெஸ்ஸிட்டோரி என்ற இத்தாலிய அறிஞர். ராஜஸ்தானியக் கதைப்பாடல்களைத் தேடி வந்து, 1919-ல் இந்த ஊரிலேயே இறந்து, இங்கேயே அடக்கமானவர். அந்தச் சிலையின் விரல்களுக்கும் நகைகளுக்கும் முன்னால் நேரம் போவதே தெரியாது.

குழந்தைகளோடு வந்தவர்கள் மதியத்துக்கு மேல் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்துக்குப் போகலாம், ஒட்டகப் பால் ஐஸ்கிரீம் கிடைக்கும்.

மாலை ஐந்து மணிக்கு ஊரின் கிழக்கே எட்டு கிலோமீட்டரில் உள்ள தேவி குண்ட் சாகர். அரச குடும்பத்தின் சத்திரிகள், அதாவது நினைவு மண்டபங்கள், குளக்கரையில் வரிசையாக நிற்கின்றன. பழையவை செம்மணற்கல், பிந்தியவை சலவைக்கல், அதனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாலே கட்டடக்கலை எப்படி மாறியது என்று தெரியும். சூரத் சிங்கின் வெள்ளைச் சத்திரியில் கூரையின் உட்புறம் ஓவியம் இருக்கிறது, கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், இருட்டிய பின் திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம்.

ராத்திரி ரயில் என்றால் ஸ்டேஷன் ரோட்டில் புஜியா வாங்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிகானேரி புஜியாவில் நரிப்பயறு மாவு சேரும், வெறும் கடலை மாவில் செய்ததில் அந்த மொறுமொறுப்பும் மணமும் வராது. கடைக்காரரிடம் நரிப்பயறு சேர்த்ததா, அதாவது மோட் தாலா என்று கேட்டு, ருசி பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் நாள் இருந்தால்

ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு இது மிக வசதி, ஏனென்றால் இரண்டு இடமும் அந்தச் சாலைப் பக்கமே இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு டாக்ஸியில் கிளம்பினால் 32 கிலோமீட்டரில் கஜ்னேர், ஏரிக்கரையில் பிகானேர் அரசர்களின் வேட்டை மாளிகை. கங்கா சிங் வெள்ளைக்கார விருந்தினர்களைப் பறவை வேட்டைக்கு அழைத்துவந்த இடம், இப்போது ஹோட்டல். குளிர்காலத்தில் ஏரிக்குப் பறவைகள் வரும், காலைச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளலாம். அடுத்து கோலாயத், பிகானேரிலிருந்து 50 கிலோமீட்டர், கபில முனிவரின் தலம், 52 படித்துறைகள் கொண்ட குளம். கார்த்திகைப் பௌர்ணமிக்கு வந்தால் லட்சக்கணக்கானவர்களோடு நீராட வேண்டியிருக்கும், மற்ற நாட்களில் அமைதி. கர்ணி மாதாவின் மகன் மூழ்கியதாகச் சொல்லும் குளம் இதுதான், அதனால் படிகளில் இறங்கும்போது பாசியைப் பார்த்துக் கால் வையுங்கள். பத்தரைக்கெல்லாம் அங்கிருந்து புறப்பட்டால் வழியில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஜெய்சல்மேர் போய்ச் சேரலாம்.